அப்புறம் அண்ணன்

திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த அந்தச் சைவ ஹோட்டலில், நுழைந்ததும் இடது பக்கம் ஒரு சதுரத் தூண். அதில் ஓர் ஆளின் தோள் உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறை. சூப்பர்வைசர் வேடியப்பன் வருஷக்கணக்கில் சாய்ந்து நின்ற இடம் அது. நான் ஊர் திரும்பி, அடுப்பு வாங்கக்கூட மனமில்லாமல், தனிப் பெண்ணாக மூன்று வேளையும் அங்கே சாப்பிட்ட 2003-ஆம் வருஷம், அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் கத்துகிற ஹோட்டலில் அவர் மட்டும் கத்தவில்லை. கத்த முடியாதவர் என்று சில நாள் கழித்துத்தான் தெரிந்தது.

டிபன் கூட்டம் வடிந்து சாப்பாடு தொடங்குவதற்கு இடையில் ஹோட்டலுக்கு ஒரு மந்தமான நேரம் உண்டு. அப்போது கடைசி டேபிளில் வந்து உட்கார்வார். குரல் காற்றாகத்தான் வரும். எதிரில் இருப்பவர் முன்னால் சாய்ந்து, அவர் உதட்டையும் பார்த்தால்தான் பாதியாவது புரியும். அப்படிச் சாய்ந்து சாய்ந்து கேட்டதுதான் இது.

அவர் கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஆள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுக்கொண்டிருந்த நிலம் அண்ணன் தம்பிக்குள் பிரிந்து, பிரிந்ததும் விலைக்குப் போய்விட்டது. திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, புதுசு புதுசாக ஆபீஸ்கள் வந்து ஊரில் ஜனம் கூடிய 1989-இல் இந்த ஹோட்டலில் சப்ளையராகச் சேர்ந்தார். அவர் கொண்டுவந்த ஒரே சொத்து தொண்டைதான். "ரெண்டு ரோஸ்ட்டு, ஒண்ணுல எண்ணெ கம்மி!" என்று வாசல் டேபிளிலிருந்து குரல் விட்டால், அது கூடத்தைத் தாண்டி, பாத்திரம் கழுவுகிற இரைச்சலையும் தாண்டி, தோசை மாஸ்டர் சின்னசாமி காதில் போய் விழும். எதிரே பஸ் நிலையத்திலிருந்து டீ குடிக்க வரும் கண்டக்டர்கள் முதலாளியிடம் கேட்பார்களாம்: "உங்க ஆள கொஞ்சம் அனுப்புங்க மொதலாளி, செங்கம் வண்டிக்கு ஆள் ஏத்தணும்."

அந்தக் குரலுக்காகவே அவரைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டம் பெருகிக்கொண்டே போன காலம். அப்படிப்பட்ட நாளில் சூப்பர்வைசர் வேலை என்றால் தூண் ஓரம் நின்று கத்துவது. மூணாம் டேபிளைத் துடை, சாம்பார் வாளி எங்கே, பார்சலுக்கு யார், இலை போடு, தண்ணி வை. அவர் சொன்னால் நகர்வார்கள், சொல்லாவிட்டால் நிற்பார்கள்.

1996-இல் தொண்டை கட்டியது. இருமல் மருந்து குடித்தார், மிளகு மென்றார், கட்டினது கட்டினபடியே இருந்தது. வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே வளர்ந்திருந்ததை வெட்டி எடுத்தார்கள். ஆபத்து இல்லை, ஆனால் இனிமேல் கத்தினால் இருப்பதும் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வந்து தூணில் சாய்ந்தவரை முதலாளி கல்லாவிலிருந்தே பார்த்தார்.

"சத்தமே வராத ஆள தூண்ல சாத்தி வச்சிக்கினு நான் இன்னாய்யா பண்றது?" என்றார். "சித்ரா பௌர்ணமி வரைக்கும் பாக்கறேன். அன்னைக்குக் கடை ஓடலன்னா நீ வேற எடம் பாத்துக்கோ வேடியப்பா. மனசுல ஒண்ணும் வச்சிக்காத."

வேறு இடம் என்று எதுவும் இல்லை. குரல் இல்லாத சூப்பர்வைசரை இன்னொரு ஹோட்டல் ஏன் எடுக்கும்? அந்தத் தூண் போனால் கீழ்பென்னாத்தூரில் தன்னுடையது அல்லாத நிலத்தில் கூலிக்குப் போக வேண்டும். அந்த வருஷத்திலிருந்து நான் அவரைப் பார்த்த நாள் வரைக்கும் அவர் மனசில் ஓடிய ஒரே கணக்கு அதுதான்: தூண் இருக்குமா, போகுமா.

முதலில் பழைய மாதிரியே செய்து பார்த்தார். கத்துவதற்குப் பதில் ஒவ்வொருவரிடமும் நடந்து போய், காதோரம் குனிந்து சொன்னார். அவர் போய்ச் சேர்வதற்குள் அந்த வேலை பழசாகியிருக்கும். அப்புறம் சுருக்கமாகக் கேட்டுப் பார்த்தார். ஒரு நாள் மாவு புளித்துப்போயிருந்தது. சின்னசாமி மாஸ்டரிடம் போய் "ஏன்?" என்றார். அவ்வளவுதான்.

"ஏன்னா? நான்தான் ராத்திரி எழுந்து வந்து புளிக்க வச்சிட்டுப் போனேன்!" என்று மாஸ்டர் கரண்டியைக் கல்லின் மேல் போட்டார். "குரல் போனாலும் உனக்குக் கொழுப்புப் போவல பாத்தியா. கேள்வி கேக்கறதுக்கா மொதலாளி உனக்குச் சம்பளம் குடுக்கறாரு? செய்யின்னு சொல்லு, செய்யறேன்."

வேடியப்பனுக்கு அன்று ஒன்று புரிந்தது. நம் பேச்சில் 'ஏன்' என்பது கேள்வி இல்லை, குற்றம் சாட்டுவது. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனைப் பார்த்துக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது, கோபமோ மன்னிப்போதான் வரும். அந்த வார்த்தையை விட்டுவிட்டார்.

விட்டதும் கையில் எந்த வார்த்தையும் இல்லாமல் நின்றார். அப்படி நின்ற ஒரு நாள், டேபிள் துடைக்கும் எல்லம்மாள் வந்தாள்.

"ணா, கை கழுவற எடத்துல தண்ணி தேங்கிக்கினு கீது. நேத்து ஒரு பெரியவரு வழுக்கினாரு. நல்ல காலம், செவுத்தப் புடிச்சிக்கினாரு."

அன்று தொண்டை எரிந்தது. பேச முடியவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் வந்தது.

எல்லம்மாள் விழித்தாள். "அப்புறம் இன்னா... ஒரு சாக்கு போடலாம்."

"அப்புறம்?"

"சாக்கு நனைஞ்சிபூடும். ரெண்டு வேணும். ஒண்ணு காயசொல்ல ஒண்ணு போடணும்."

"அப்புறம்?"

"இன்னாணா நீ, கத கேக்கற மாரி அப்புறம் அப்புறம்னு! உடு, நானே பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். அவர் முன்பு எத்தனையோ முறை கத்திப் போட வைத்த சாக்குகள் மறுநாளே காணாமல் போயிருக்கின்றன. எல்லம்மாள் போட்ட சாக்கு தினமும் மாறியது. யாரும் சொல்லவில்லை. சாக்கு அவளுடையதாகிவிட்டது.

பிறகு அதையே பிடித்துக்கொண்டார். யார் எதைக் கொண்டுவந்தாலும் அப்புறம். கேட்டுவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். கஷ்டம் கேட்பதில் இல்லை, நிற்பதில்தான் என்றார் என்னிடம். எதிரே இருப்பவன் யோசிக்கிற நேரத்தில் நம் வாய்க்குள் பதில் துடிக்கும். அவருக்குத் துடித்தாலும் வெளியே வராது. அது ஒரு சௌகரியம்.

சப்ளையர் கோபிதான் அதிகம் வந்தவன். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயசிருக்கும். எத்தனை டேபிள் ஆர்டரானாலும் மனசில் வைத்துக்கொள்வான், ஆனால் வாய் நிற்காது. ஒரு தடவை வாடிக்கையாளரோடு சண்டை போட்டுவிட்டு மூச்சு வாங்க வந்தான்.

"ணா, பூரி ஆறிப்போச்சுன்றான். நீ ஊர்க்கத பேசிக்கினு இருந்தா அது ஆறத்தான் செய்யும்னேன்."

"அப்புறம்?"

"மொதலாளியக் கூப்புடுன்னான். மொதலாளி பூரி சுட மாட்டாருன்னேன்."

"அப்புறம்?"

"பக்கத்து டேபிள்காரங்கெல்லாம் சிரிச்சாங்க. அவன் எழுந்துட்டான். கூட வந்த பொண்ணு ஒரு மாரி ஆயிடுச்சு." கோபி நிறுத்தினான். "பொண்ணு பாக்க வந்தவங்க போலக்குது ணா."

"அப்புறம்?"

"...சூடா ஒரு செட்டு கொண்டாந்து வைக்கறேன். நான்தான் லேட் பண்ணேன்னு சொல்லிடறேன். அந்தாளு மானம் போவ வேணாம்."

சித்ரா பௌர்ணமிக்கு முன்னால் மந்தமான நேரங்களில் எல்லோரையும் கடைசி டேபிளில் உட்கார வைத்தார். போன தடவை எங்கே சிக்கிக்கொண்டது என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அவர் அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சின்னசாமி மாஸ்டர்கூட வேண்டாவெறுப்பாக வாயைத் திறந்தார்: "அன்னைக்கு ரோஸ்ட்டு கீஸ்ட்டு கேட்டா என்னால ஆவாது. இட்லி, பொங்கல், ஊத்தப்பம். அவ்ளோதான். வாசல்லயே எழுதிப் போட்டுடணும்." உள்ளே வந்து நாற்காலி பின்னால் நிற்கிற ஜனத்தை வாசலிலேயே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிடலாம் என்றான் கோபி. மலையைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது சாப்பாடு இல்லை, உட்கார ஓர் இடம்தான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

அன்று ஜனம் வந்தது. வேடியப்பன் தூணில் சாய்ந்து நின்றார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை. மறுநாள் காலை முதலாளி கல்லாவிலிருந்து "வேடியப்பா, காபி சாப்ட்டியா?" என்றார். தூண் நிலைத்தது. அவருக்கு 'அப்புறம் அண்ணன்' என்று பெயரும் நிலைத்தது.

நிலைத்த பிறகுதான் தனிமை வந்தது. முன்பு திட்டு வாங்கியவர்கள் சாப்பாட்டு நேரத்தில் அவரைச் சுற்றி உட்கார்ந்து அவரையே கிண்டல் செய்வார்கள். இப்போது பிரச்சினை வந்தால் தங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். தீர்த்துவிட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் நுழைய ஒரு பதில் வேண்டும், குரல் வேண்டும். மனைவி இறந்து, மகள் ஓசூருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகு அவர் தங்கியிருந்த அறையிலும் ஆளில்லை. எஸ்.டி.டி. பூத்தில் போய் மகளுக்குப் போன் போட்டால் அவர் பேசுவது அந்தப் பக்கம் போய்ச் சேராது. "மூச்சு விடற சத்தந்தான்பா கேக்குது. சாப்ட்டியா? சரி வச்சிடவா?" என்பாளாம். ரிசீவரை உதட்டோடு ஒட்ட வைத்து "அப்புறம்?" என்பாராம். அதுவும் கேட்காது.

இப்படியே வருஷங்கள் போயின. முதலாளியும் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். கடை தானாக ஓடுகிறது. தானாக ஓடுகிற கடைக்குத் தூண் ஓரம் ஒருவர் எதற்கு? 2001-இல் கார்த்திகை தீபத்துக்கு முன்பு கோபியைக் கூப்பிட்டு, சூப்பர்வைசராக இருந்துகொள் என்றார். வேடியப்பனை எங்காவது ஓரமாக உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

கோபி அதை மறைக்கவில்லை. தீபக் கூட்டம் ஹோட்டலை நிறைத்திருந்தபோது, கையில் சாம்பார் வாளியோடு தூண் அருகே வந்தான்.

"ணா. மொதலாளி என்னைய சூப்பர்வைசரா இருக்கச் சொல்றாரு."

வேடியப்பன் அவன் முகத்தைப் பார்த்து "அப்புறம்?" என்றார்.

கோபி வாளியைக் கை மாற்றிக்கொண்டான். தலையை ஆட்டிவிட்டு வாளியோடு கூட்டத்துக்குள் போய்விட்டான்.

அதற்கு மேல் சொல்ல அவனுக்கு எதுவும் இல்லை என்று வேடியப்பன் நினைத்தார். பதவியை ஏற்றுக்கொண்டுவிட்டான், சொல்லக் கூச்சப்படுகிறான். தூண் போகப்போகிறது என்று காத்திருந்தார். ஆனால் அந்த மாதம் முடியும் முன்பே கோபி வேலையை விட்டான். செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, யாரோ கொடுத்த இடத்தில் சின்ன மெஸ் வைத்தான். சூப்பர்வைசராக வேறு ஆள் கிடைக்காததால் தூண் மறுபடியும் வேடியப்பனுடையதாயிற்று. கோபி போகும்போது சொல்லிக்கொண்டான், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை. ஏன் என்று அவர் கேட்கவில்லை. அந்த வார்த்தையைத்தான் விட்டுவிட்டாரே.

இதைச் சொன்னபோது அவர் டேபிளின் ஈரத்தில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "நல்ல பையன்" என்றார்.

சில நாள் கழித்து நான் செங்கம் ரோட்டுப் பக்கம் போனபோது கோபியின் மெஸ்ஸில் சாப்பிட்டேன். வெள்ளைக்காரர்கள் தரையில் சம்மணம் போட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் நிலையத்து ஹோட்டலில்தான் தினமும் சாப்பிடுகிறேன் என்றதும் கோபி கேட்ட முதல் கேள்வி: "அப்புறம் அண்ணன் நல்லா கீறாரா?"

நல்லா இருக்கிறார் என்றேன். உங்களைப் பற்றிச் சொன்னார் என்றேன். கோபி துண்டை எடுத்து, துடைத்த டேபிளையே மறுபடியும் துடைத்தான்.

"நான் அவரக் கூப்புடத்தாங்க போனேன். அந்த வேல எனக்கு வேணாம், ரோட்டுல ஒரு எடம் பாத்துக்கீறேன், ரெண்டு பேருமா வச்சிக்கலாம் வாங்கன்னு. தீபம் அன்னிக்கு போய் நின்னேன். அப்புறம்னுட்டாரு. கூட்டம் ஜாஸ்தி, அப்புறம் பேசலாம்னு சொல்றாருன்னு நெனச்சேன். அப்புறம் அவரு கூப்புடுவாருன்னு பாத்துக்கினே இருந்தேன். கூப்புடல. சரி, அவர் எடத்துக்கு நான் வரேன்னு கோவம்போலன்னு உட்டுட்டேன்."

குரல் இருந்திருந்தால் அந்த வார்த்தையின் வால் மேலே ஏறியிருக்கும். கேள்வி என்று தெரிந்திருக்கும். காற்றில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. வழக்கமான நாளில் அவர் முகத்தை வைத்துப் புரிந்துகொள்வார்கள். அன்று தீபக் கூட்டம். கோபி முகத்தைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

திரும்பி வந்து கடைசி டேபிளில் வேடியப்பனிடம் சொன்னேன். அவர் முன்னால் சாய்ந்து கேட்டார், முதல் தடவையாக. பிறகு, "கேட்டேம்மா. கேள்வியாத்தான் கேட்டேன்" என்றார். அன்றிலிருந்து அந்த வார்த்தையைச் சொல்லும்போது உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டத் தொடங்கினார்.

கூட்டம் குறைவான செவ்வாய்க்கிழமைதான் அவருக்கு வார விடுமுறை. அடுத்த செவ்வாயன்று கோபியைப் பார்க்க ஷேர் ஆட்டோ பிடித்துப் போனார். மெஸ் பூட்டியிருந்தது. பலகையில் 'செவ்வாய் விடுமுறை' என்று எழுதியிருந்தது.

"அவனும் செவ்வாய்தான் வுடறான்" என்றார் மறுநாள். சிரிக்கிறார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. "இங்க இருந்த பழக்கம்."

டேபிள் துடைத்துக்கொண்டிருந்த எல்லம்மாள் நிறுத்தினாள். "வேற நாள் போறது. ஒரு நாள் நாங்க பாத்துக்க மாட்டமா?"

அவர் கல்லாப் பக்கம் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "நீங்க பாத்துப்பீங்க. அதான்."

அவள் உடனே புரிந்துகொண்டாள், எனக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆயிற்று. கூட்ட நாளில் அவர் இல்லாமல் கடை தடுமாறினால் பரவாயில்லை. தடுமாறாவிட்டால் முதலாளி அதைப் பார்ப்பார். இத்தனை வருஷமாகச் செவ்வாய் தவிர ஒரு நாள்கூட லீவு எடுக்காததற்குக் காரணம் அதுதான். அவர் உண்டாக்கியது எல்லாம் அவர் இல்லாமலும் சரியாக நடக்கிறது என்று அவரே லீவு போட்டு நிரூபிக்க முடியாது.

எல்லம்மாள் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். அவரைப் பார்த்து உள்ளங்கையை மேலே திருப்பினாள்.

"அப்புறம்?"

அவர் தூணைப் பார்த்தார். அவள் விடவில்லை. அவர் எல்லோரிடமும் நிற்பது போலவே நின்றாள்.

"போனா தூண் போவும்" என்றார்.

"அப்புறம்?"

"போவலன்னா அந்தப் பையன் நான் கோவமா கீறேன்னே நெனச்சிக்கினு இருப்பான்."

"அப்புறம்?"

அவர் எழுந்து கல்லாவுக்குப் போய், வியாழக்கிழமை லீவு வேண்டும் என்று கையால் காட்டினார்.

வியாழக்கிழமை நான் அங்கேதான் காலை டிபனும் மதியச் சாப்பாடும் சாப்பிட்டேன். முகூர்த்த நாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் திரண்டு வந்தார்கள். சாம்பார் ஒரு நேரத்தில் தீர்ந்தது. யாரோ யாரிடமோ பேசினார்கள், வேறு வாளி வந்தது. கை கழுவும் இடத்தில் காய்ந்த சாக்கு இருந்தது. தூண் ஓரம் யாரும் இல்லை. முதலாளி கல்லாவிலிருந்து கூடத்தை ஒரு தடவை பார்த்தார், பக்கத்தில் நின்றவரிடம், "அவன் இல்லன்னே தெரியல பாரு" என்றார். குரலில் மெச்சுதல்தான் இருந்தது.

மறுநாள் வேடியப்பனிடம் கேட்டேன். கோபி இருந்தான் என்றார். காபி கொடுத்தான். பேசினான். அன்று நடந்ததைச் சொன்னதும் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டான். இப்போது மெஸ்ஸில் அவன் மச்சான் கூட்டாளியாக இருக்கிறான், இடமும் சின்னது. அதற்குள் ஒரு கூட்டம் சாப்பிட வந்துவிட்டது. "அவன் எழுந்து போனான். நான் வந்துட்டேன்."

அந்த மாதக் கடைசியில் அவரை டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். புதிதாக வைத்த கவுண்டர், வாசல் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால். நிழல், உட்கார நாற்காலி, மின்விசிறி எல்லாம் உண்டு. மரியாதையாகத்தான் செய்தார்கள். வேலை எளிது. வெளியே இருப்பவர் கேட்பதைக் கொடுக்க வேண்டும், எதுவும் சொல்ல வேண்டாம். சூப்பர்வைசர் என்று வேறு யாரையும் போடவில்லை.

ஊரை விட்டு மறுபடியும் கிளம்புவதற்கு முந்தின நாள் காபி டோக்கன் வாங்கப் போனேன். போகிறேன் என்று கண்ணாடி ஓட்டை வழியாகச் சொன்னேன். அவர் உதடு அசைந்தது. பஸ் ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை, கண்ணாடியில் வெயில் பட்டதால் முகமும் தெரியவில்லை. ஆனால் ஓட்டைக்குக் கீழே, டோக்கன் வைத்திருந்த கை மெல்ல உள்ளங்கையை மேலே திருப்பியது.

எனக்குப் பின்னால் நின்றவர் "ரெண்டு சாப்பாடு" என்றார். கை திரும்பிக்கொண்டு டோக்கனைக் கிழித்தது.